மிதபாஷி மாப்பிள்ளை

காஞ்சிபுரம்
12-6-1978

அன்புத் தம்பி வேதாச்சலத்துக்கு அக்கா சகுந்தலாவின் ஆசீர்வாதம்.

இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியம். மாமாவின் வாயுவும் சௌக்கியமாகவே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கல்கத்தாவில் மின்சாரம் இருக்கிறதா என்று எழுது.

உனக்கு ஒரு பெண் அமைந்திருக்கிறது. முப்பத்துநாலு வயதாகிறது உனக்கு. ஊர் ஊராக ஜாதகம் அனுப்ப இனி எனக்குத் தெம்பில்லை. பெண் பெயர் நாகலக்ஷ்மி. கரக்பூரில் பள்ளிக்கூட டீச்சர். தகப்பனார் முத்தையா முதலியார், ரயில்வேயில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். உனக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெண்ணைக் காஞ்சிபுரத்திலிருந்து நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நீ அங்கே பத்து வருஷமாக என்னதான் செய்கிறாய்?

தரகர் கலியன் சொன்னார், முதலியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: வங்காளத்தில் இருக்கிற பையன் மீன் சாப்பிடுவானா என்று. சுத்த சைவம் என்று எழுதினேன். கூடவே, பையன் மிதபாஷி என்றும் எழுதினேன். அதற்கு முதலியார் எட்டுப் பக்கம் பதில் போட்டிருக்கிறார். அவருடைய மூத்த மாப்பிள்ளை நடுவில் குறுக்கிட்டுப் பேசுகிறவராம். அதனால் இரண்டாவது மாப்பிள்ளை வாய் திறக்காதவராக அமைந்தது ஈஸ்வர சங்கல்பம் என்கிறார்.

ஐப்பசியில் நானும் மாமாவும் வந்து பெண் பார்த்துவிடலாம். சம்மதம் என்று ஒரு கார்டு போடு.

உன் நலம் வேண்டும்,
அக்கா சகுந்தலா

டாலிகஞ்ச்
29-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாயிருக்க வேண்டும். மின்சாரம் இருக்கிறது, எப்போது என்பதுதான் தெரியாது. சாப்பாடு, வீட்டுக்கார அம்மாள் தயவில் நடக்கிறது. மாசிமா என்று கூப்பிடுகிறேன், இங்கே சித்திக்கு அப்படித்தான் பெயர். அவர் எனக்காகவே உருளைக்கிழங்கில் சர்க்கரை குறைத்துப் போடுகிறார்.

நான் இங்கே பத்து வருஷமாக என்ன செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். ஹவுராவில் ஒரு கம்பெனியில் இயந்திரப் படம் வரைகிறேன். படத்தை நீட்டினால் போதும், வாயால் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. கடையிலோ டிராமிலோ நான் திக்கி நின்றால், 'பாவம், மெட்ராஸ்காரர், வங்காளம் தெரியாது' என்று மன்னித்துவிடுகிறார்கள். உண்மையில் எனக்கு வங்காளம் நன்றாகவே தெரியும். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊரில் திக்கினால் திக்குவாய். இங்கே திக்கினால் வெளியூர்க்காரன். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தேனோ என்று சில சமயம் தோன்றும்.

ஒரு விபத்து நடந்துவிட்டது. இங்கே எங்கள் தமிழர் மன்றத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். ஆண்டு விழாவைப் பொங்கலுக்கு வைப்பதா, சித்திரைக்கு வைப்பதா என்று இரண்டு கட்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை. நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் நான் தங்கள் பக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தலைவர் துரைசாமி, மளிகைக் கடைக்காரர், எழுந்து, "எல்லாரும் இந்தக் கத்து கத்தறோம். இவரு ஒரு வார்த்தை பேசினாரா? ஆழமான ஆளுய்யா! இவருதான் செக்ரட்டரி" என்றார். மறுக்கத்தான் எழுந்தேன். 'வேண்டாம்' என்ற சொல் வெளியே வருவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

செயலாளருக்கு ஒரே வேலைதான். விழா கடைசியில் பொங்கலுக்கு என்று முடிவாயிற்று, அதில் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். சுமார் இருநூறு பேர் வருவார்கள்.

பெண் விஷயம். எனக்குத் திக்கும் என்று அவர்களிடம் சொன்னாயா?

அன்புத் தம்பி,
வேதாச்சலம்

காஞ்சிபுரம்
10-7-1978

தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. வசம்பு. சுட்டுத் தேனில் இழைத்து, காலையில் பல் விளக்கியதும் நாக்கில் தடவிக்கொள். எதிர்வீட்டு ராஜம்மாவின் பேரனுக்கு ஒரே மாதத்தில் பேச்சு வந்தது. அவனுக்கு ஒன்றரை வயது என்பது வேறு விஷயம்.

செயலாளர் பதவியை உடனே விட்டுவிடு. மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடு. அதற்கு நீண்ட ஓய்வு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சொன்னாயா என்று கேட்கிறாய். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மிதபாஷி என்பது பொய்யா? நீ குறைவாகத்தானே பேசுகிறாய்?

நான்கு வருஷம் முன்பு வாலாஜாபாத்தில் பெண் பார்க்கப் போனபோது நடந்ததை நீ மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. பெண்ணின் சித்தப்பா உன் பெயரைக் கேட்டார். நான் சொல்வதற்குள் நீயே சொல்கிறேன் என்று ஆரம்பித்தாய். 'வே' என்ற இடத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைத்து, கண் செருகி... அந்த மனிதர் வலிப்பு என்று நினைத்து ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்து வந்து உன் கையில் திணித்தார். "இரும்பு, இரும்பு, இறுக்கிப் பிடிங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே. உள்ளே பெண்கள் சிரித்தார்கள். நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாய். புறப்படும்போது நினைவாக அவரிடம் திருப்பிக் கொடுத்தாய்.

இன்னொரு தடவை என்னால் அதைப் பார்க்க முடியாது. தாலி ஏறும்வரை நான் பேசுகிறேன். அப்புறம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் திக்கு.

சகுந்தலா

டாலிகஞ்ச்
2-8-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வசம்பு வந்தது. மாசிமா அதை இஞ்சி வகை என்று நினைத்துப் பருப்பில் போட்டுவிட்டார். மத்தியானம் முழுக்க வீடே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேச்சு அதிகமானதாகத் தெரியவில்லை.

மஞ்சள் காமாலை யோசனையும் நல்லதுதான். ஆனால் நான் வேறொன்று செய்துவிட்டேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சுக்கு வைத்தியம் செய்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு. நடத்துகிறவர் மிஸஸ் சான்யால், மைசூரில் படித்துவிட்டு வந்த வங்காளி அம்மாள். நான் தெற்கு என்று தெரிந்ததும் என்னிடம் கன்னடத்தில் நலம் விசாரித்தார். எனக்குப் புரியவில்லை, ஆனால் அன்பாக இருந்தது.

வகுப்பில் எல்லாரும் பெரியவர்கள். காலிபதோ என்று ஒரு பஸ் கண்டக்டர். 'கரியாஹாட்' என்று அவர் சொல்லி முடிக்கும்போது பஸ் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். அவருடைய பயணிகள் பழகிவிட்டார்கள். அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கு அடுத்தது என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்களாம்.

திக்கல் போய்விடுமா என்று முதல் நாளே கேட்டேன். கேட்டு முடிக்கும்வரை அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு, "போகலாம், போகாமலும் இருக்கலாம். நீங்க ஒளிஞ்சிக்கிறதை முதல்ல நிறுத்துவோம்" என்றார். மூச்சை விட்டுக்கொண்டே சொல்லைத் தொடங்குவது, மெதுவாகத் தொடுவது என்று பயிற்சிகள் இருக்கின்றன. வீட்டுப்பாடம்தான் விசித்திரம். முன்பின் தெரியாதவரிடம் வேண்டுமென்றே திக்க வேண்டும். திக்கும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டும்.

டிராமில் முயன்றேன். திக்கலாம் என்று தீர்மானித்த அன்றுதானா பாழாய்ப்போன 'டாலிகஞ்ச்' வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வர வேண்டும்! கண்டக்டரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு முறை திக்கிக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர், "அண்ணா, ஊருக்குப் புதுசா?" என்றார் வங்காளத்தில். வழக்கமாக நான் தலையை ஆட்டிவிடுவேன். அன்று சொன்னேன்: "பத்து வருஷமா இங்கதான் இருக்கேன். பாஷை தெரியும். எனக்குத் திக்கும்."

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஒருவர் சங்கு ஊதச் சொன்னார். இன்னொருவர் ஹோமியோபதியில் ஒரு மருந்து சொன்னார். மூன்றாமவர் அந்த மருந்து படபடப்புக்குத்தான், திக்கலுக்கு வேறு என்றார். இரண்டு பேருக்கும் கைகலப்பு வரப் பார்த்தது. டிராம் கடைசி நிறுத்தத்துக்கு வந்த பிறகும் அவர்கள் இறங்கவில்லை. என்னை மறந்துவிட்டார்கள். நான் இறங்கி வீட்டுக்கு வந்தேன். அக்கா, ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நன்றாகப் பசித்தது.

அன்புடன்,
வேதாச்சலம்

காஞ்சிபுரம்
21-8-1978

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே மழையில்லை, மற்றபடி க்ஷேமம்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இருக்கிற திக்கல் போதாதுன்னு கத்துக்க வேற போறானா?" என்று கேட்டார். எனக்கும் அதேதான். வைத்தியம் என்றால் இல்லாமல் ஆக்க வேண்டும். கால் நொண்டியாயிருப்பவனை டாக்டர் இன்னும் நன்றாக நொண்டச் சொல்வாரா? போகிற வருகிறவரிடமெல்லாம் எனக்குத் திக்கும் என்று தம்பட்டம் அடிப்பானேன்? கரக்பூர் ரொம்ப தூரமில்லை. அந்த டிராமில் முதலியாருக்கு வேண்டியவர் யாராவது இருந்திருந்தால்?

ஐப்பசி இரண்டாம் வாரம் நாங்கள் புறப்படுகிறோம். நேரே கரக்பூரில் இறங்கிவிடுவோம், நீ அங்கே வந்துவிடு. வேட்டி கட்டிக்கொள். சிரித்த முகமாக உட்கார். காபி கொடுத்தால் குடி. வாயில் காபி இருக்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முதலியார் பேசுகிறவர், அது நம் அதிர்ஷ்டம். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நான் புகுந்துகொள்கிறேன். பெண் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் மட்டும் ஆபத்து. டீச்சர் வேலை பார்க்கிற பெண், சொன்னாலும் சொல்லும். அப்போது நம் வீட்டில் அது வழக்கமில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உடனே பதில் போடு.

சகுந்தலா

டாலிகஞ்ச்
17-10-1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். வெள்ளச் செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பாய். நான் பத்திரமாக இருக்கிறேன். மாடி அறை என்பதால் கட்டில் நனையவில்லை. மாசிமாவின் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். ரயில் ஓடவில்லை, தபால் வரவில்லை. தண்ணீர் வடிவதற்குள் துர்கா பூஜை வந்துவிட்டது. சேற்றிலேயே பந்தல் போட்டார்கள். மன்றத்தின் சார்பில் அகதிகளுக்குச் சாப்பாடு அனுப்பினோம். நானும் சுமந்துகொண்டு போனேன்.

கரக்பூர்ப் பாதையிலும் தண்டவாளம் அடித்துக்கொண்டு போனதால், ஐப்பசியில் நீங்கள் வருவது உசிதமில்லை. அதைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு வாயுவுக்கு இங்கே ஒரு நல்ல சூரணம் கிடைக்கிறது, அனுப்புகிறேன். பொங்கல் விழா ஜனவரி 21, ஞாயிறு. சிறப்பு விருந்தினராக முத்தையா முதலியாரை அழைத்திருக்கிறோம். குடும்பத்துடன் வருவதாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு என் அன்பு. கமலா ஆரஞ்சு வரத்து இன்னும் ஆரம்பிக்கவில்லை.

வேதாச்சலம்

காஞ்சிபுரம்
1-11-1978

தம்பி,

சூரணத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் என்ன எழுதியிருக்கிறாய்?

அந்தப் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு, இருநூறு பேர் முன்னாலா? உனக்குப் பைத்தியமா? அறிக்கையைத் துரைசாமி வாசிக்கட்டும். இல்லாவிட்டால் மாமா வாசிப்பார், அவருக்குக் கணீரென்ற குரல். நீ பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்றால் போதும். இந்த இடமும் போய்விட்டால் நான் எங்கே போய்த் தேடுவது? யோசித்துப் பார். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுத வரவில்லை, நான் மூத்தவள்.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நலமா?

சகுந்தலா

டாலிகஞ்ச்
20-11-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் ஆண் பெண் அனைவரும் குரங்குக் குல்லாயில் தலையை நுழைத்துக்கொண்டு அறுபது வயதுக்காரர்களாகிவிட்டார்கள்.

உன்னிடம் ஒன்றைக் கேட்கிறேன். நீ சொல்கிறபடி நான் சிரித்துக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் இருந்து கல்யாணம் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள். அதற்கப்புறம் எந்த நாளில் நான் பேச ஆரம்பிப்பது? மறுநாள் காலையிலா, பத்து வருஷம் கழித்தா? அந்தப் பெண் உப்பு போதுமா என்று கேட்கும். நான் தலையாட்டுவேன். மிதபாஷி என்று சொல்லித்தானே கட்டிவைத்தார்கள், கோபமில்லை, சுபாவம் அப்படி என்று அதுவும் நினைத்துக்கொள்ளும். டிராமில் இருந்தவர்களிடம் வெளியூர்க்காரனாக இருந்தது போதும் அக்கா. வீட்டிலும் என்னால் முடியாது.

தனியே போய்ச் சொல்லலாமே என்பாய். ஒரு பெண்ணிடம் மட்டும் சொன்னால் அதற்கு இரக்கம் வரும், மறுக்க முடியாமல் போகும். இருநூறு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டால், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். மிஸஸ் சான்யால் என்னை வகுப்பில் நிற்கவைத்து அறிக்கையை வாசிக்கச் சொல்கிறார். காலிபதோ பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, கடைசி நிறுத்தம் வந்ததும் கைதட்டுகிறார்.

நீ வர வேண்டும். மாமாவும் வரட்டும், வாசிப்பதற்கு அல்ல.

வேதாச்சலம்

தந்தி
காஞ்சிபுரம், 16-1-1979

மாமா காலில் சுளுக்கு. புறப்பட இயலவில்லை. ஆசீர்வாதம். சகுந்தலா.

டாலிகஞ்ச்
23-1-1979

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் கால் எப்படி இருக்கிறது? சூடாகப் புளிப்பற்றுப் போட்டால் குணமாகும். நீ வராதது நல்லதுதான் என்று ஒரு கணமும், வந்திருக்கலாம் என்று மறுகணமும் நினைத்தேன்.

விழா நடந்தது. துரைசாமி வரவேற்றார். 'வங்கத்துச் சிங்கங்களே, தங்கத் தமிழ்த் தங்கங்களே' என்று தொடங்கி, அடுத்த எதுகை கிடைக்காமல் இருமிவிட்டு உட்கார்ந்தார். பிறகு நான்.

'தலைவர் அவர்களே' என்பதில் 'த' நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தமில்லை. மைக் செட் பிஸ்வாஸ் மேடைக்குப் பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைத் தட்டி, "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றார். அவர் குரல் மட்டும் பிரமாதமாகக் கேட்டது. சபையில், "மைக்கை மாத்துய்யா!" "வாடகைக்கு எடுத்தா இப்பிடித்தான்!" என்று கூச்சல். பிஸ்வாஸ் இரண்டாவது மைக்கைக் கொண்டுவந்து வைத்தார். நான் அதே 'த'வுடன் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா, அப்போது தெரிந்தது, நான் தப்பித்துவிடலாம் என்று. கையை விரித்துக் காட்டிவிட்டு இறங்கினால் போதும். பழி மைக்குக்குப் போகும். துரைசாமி மீதியை வாசிப்பார். பெண் மூன்றாம் வரிசையில் அதன் அம்மா கமலம் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதுவும் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மூச்சை விட்டுவிட்டு, மெதுவாகத் தொட்டேன். "மைக் நல்லாத்தான் இருக்கு. திக்கறது நான்தான். கொஞ்சம் பொறுத்துக்குங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் பிஸ்வாஸ் ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கே போய்விட்டார். சபை மௌனமாகிவிட்டது. எங்கள் மன்றத்தில் இது முதல் தடவை.

அறிக்கையை நானே எழுதியிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பாடுபட வேண்டியவன் 'சீரும் சிறப்பும்' எல்லாம் எழுத மாட்டான். "வெள்ளத்துக்கு இட்லி அனுப்பினோம். போய்ச் சேருவதற்குள் ஊசிப் போயிற்று. மறுநாள் அவல் அனுப்பினோம். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. இட்லி அனுப்பச் சொன்னது செயற்குழு. அவல் அனுப்பச் சொன்னது சமையல்காரர் முனுசாமி." இங்கே சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல, செயற்குழுவைப் பார்த்து. பல இடத்தில் நின்றேன். எல்லாரும் காத்திருந்தார்கள். சிலர் பொடி போட்டுக்கொண்டார்கள்.

இதில் முத்தையா முதலியாரின் நேரம் கரைந்துவிட்டது. அவர் எழுந்து சங்க காலத்திலிருந்து ஆரம்பித்தார். சேரனைத் தாண்டுவதற்குள் ஹால் காவல்காரர் நேரம் முடிந்தது என்று விளக்கை அணைத்துவிட்டார். மின்வெட்டு என்று எல்லாரும் பழக்கத்தால் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள்.

வாசலில் முதலியார் முகம் சரியில்லை. பெண் என்னைப் பார்த்தது. ஹவுராவில் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்கள். நீ கவலைப்படாதே. நானும் படவில்லை என்று எழுத ஆசைதான்.

வேதாச்சலம்

கரக்பூர்
28-1-1979

மரியாதைக்குரிய சகுந்தலா அம்மாளுக்கு, முத்தையா முதலியாரின் மகள் நாகலக்ஷ்மி வணக்கம். இங்கே அனைவரும் நலம். தங்கள் கணவருக்குக் காலில் அடி என்று கேள்விப்பட்டோம், குணமாகப் பிரார்த்திக்கிறோம். நான் வங்காளத்தில் வளர்ந்தவள், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெண்ணே கடிதம் எழுதுவது முறையா என்று அம்மா கேட்டாள். முறையாக எழுதியவர்கள் எழுதியதுதான் சரியாக இல்லையே என்றேன்.

தங்கள் தம்பியை மிதபாஷி என்று எழுதியிருந்தீர்கள். அன்று விழாவில் அவர் பேசியதைக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், தொடக்கத்தில் எனக்கு எழுந்து போய்விடலாம் போல் இருந்தது. புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இட்லி ஊசிப்போன கதை வந்தது. அடுத்து என்ன என்று கேட்கிற அவசரத்தில் அவர் திக்கினால் எனக்குக் கோபம் வந்தது, 'சீக்கிரம் சொல்லுங்களேன்' என்று. அப்போதுதான் கவனித்தேன், நான் சங்கடப்படுவதை மறந்துவிட்டேன் என்று. அதனால் அவர் திக்குவது எனக்குப் பழகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் பழகவில்லை. பழகுமா என்று பார்க்க வேண்டும்.

அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. திக்குவது அவருக்குப் பொருட்டே இல்லை. "மிதபாஷின்னு சொல்லி ஏமாத்திட்டாங்கம்மா! மைக்கைப் பிடிச்சா விடமாட்டேங்கறாரு. என் பேச்சை முழுங்கினதே அவருதானே? நாளைக்கு நம்ம வீட்ல நான் எப்போ பேசறது?" என்று தினமும் புலம்புகிறார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் தம்பி இங்கே வரட்டும். தாங்கள் பெரியவர், கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் முறை அவர் மட்டும் வரட்டும். எனக்கு அவரிடம் சில கேள்விகள் இருக்கின்றன. பதிலை அவரிடமிருந்தே கேட்க வேண்டும்.

வணக்கத்துடன்,
நாகலக்ஷ்மி

காஞ்சிபுரம்
6-2-1979

தம்பிக்கு ஆசீர்வாதம்.

மாமா இப்போது நன்றாக நடக்கிறார். அப்போதும் நடந்தார்.

நாகலக்ஷ்மி எனக்கு எழுதிய கடிதத்தை இதில் வைத்திருக்கிறேன். முதல் தடவை படித்தபோது என்ன வாய் இந்தப் பெண்ணுக்கு என்று கோபம் வந்தது. மாமா வாங்கிப் படித்துவிட்டு, "உன் கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றார். 'அவன் மட்டும் வருவான்' என்று பதில் எழுதிவிட்டேன். என் ஆயுளில் நான் எழுதிய சின்னக் கடிதம் அதுதான்.

இரண்டு நாளாக ஒன்று மனதை அரிக்கிறது. நம் அம்மா போனதிலிருந்து உனக்காக நான்தான் பேசினேன். நீ ஆரம்பிப்பாய், நான் முடிப்பேன். அப்பாவிடம், வாத்தியாரிடம், டாக்டரிடம். நீ தலையாட்டுவாய், சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். நிஜத்தைச் சொல். நான் முடித்து வைத்ததில் எவ்வளவு சரி?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சகுந்தலா

டாலிகஞ்ச்
19-2-1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதற்கு முதலில் பதில். பாதிக்கு மேல் சரி. மீதியும் நான் சொல்ல இருந்ததைவிட நன்றாகவே இருந்தது, அதனால்தான் திருத்தவில்லை. டாக்டரிடம் மட்டும் ஒரு தடவை எனக்குப் பல்வலி. நீ வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாய். விளக்கெண்ணெய் குடித்தேன். பல்வலியும் போய்விட்டது. அது எப்படி என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

நேற்றுக் கரக்பூர் போய்வந்தேன். முதலியார் தம் வீட்டுக் கூடத்தில், விழாவில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சேரன், சோழன், பாண்டியன், கிழக்கிந்தியக் கம்பெனி, ரயில்வே. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதில் எனக்குள்ள அனுபவம் அவருக்குப் பிடித்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

அப்புறம் நாகலக்ஷ்மி வந்து எதிரே உட்கார்ந்தது. சில கேள்விகள் கேட்டது. ஏன் மிதபாஷி என்று எழுதினார்கள் என்று முதல் கேள்வி. நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. உன் பயத்தைச் சொன்னேன். வாலாஜாபாத் சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன், சிரிக்கவில்லை.

கடைசியில், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றது. கேட்க ஒன்றுமில்லை, சொல்ல ஒன்று இருந்தது. ஆரம்பித்தேன், நின்றுவிட்டது. முதலியார் உதவிக்கு வந்தார்: "தண்ணி வேணுமா மாப்பிள்ளை?" கமலம் அம்மாள் சொம்போடு ஓடி வந்தார். "மின்விசிறியைப் போடச் சொல்றாரோ என்னவோ" என்று முதலியார் எழுந்து அதையும் போட்டார். மாசி மாதக் குளிரில் எல்லாருக்கும் நடுங்கியது.

"அப்பா, உக்காருங்க. அவர் இன்னும் முடிக்கல" என்றது அந்தப் பெண்.

உட்கார்ந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் முடித்தேன்.

பங்குனியில் நல்ல நாள் பார்த்து எழுது, நிச்சயம் செய்துவிடலாம். இந்தத் தடவை மாமாவின் காலை நன்றாக வைத்துக்கொள். நீயும் வா. முதலியாருக்கு எதிரே உட்கார்ந்து பேச நம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எனக்கு அவ்வளவு திறமை இன்னும் வரவில்லை.

நாகலக்ஷ்மியிடம் நான் என்ன சொன்னேன் என்று இதில் எழுதவில்லை. நீ ஊகித்துவிடுவாய் என்று தெரியும். ஊகித்துக்கொள். சரியா என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் அன்புத் தம்பி,
வேதாச்சலம்